ஸ்வீடனின் ஒரு சிறிய கொம்யூனில் வாழ்வும் ஆட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள விடைகள் வடக்கு ஸ்வீடனின் உட்பகுதியில் இருக்கும் டொரொத்தேயா என்ற கொம்யூனையும் (அங்கே உள்ளாட்சிக்குக் கொம்யூன் என்று பெயர்) அதன் அண்டைக் கொம்யூன்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சுமார் 2,400 பேர் மட்டுமே வாழும் டொரொத்தேயாவுக்கும், ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வாழும் ஸ்டாக்ஹோமுக்கும் சட்டம் விதிக்கும் கடமைகள் ஒன்றே. இது எப்படி நடைமுறையில் இயலுகிறது, எந்த இடத்தில் இயலாமல் போகிறது என்பதே இங்கு வரும் பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் கிடக்கும் கேள்வி.

கொம்யூன் என்பது ஊராட்சியா, நகராட்சியா?

இரண்டும்தான். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று நமக்குப் பழக்கமான படிநிலை அங்கே இல்லை. ஒரு காலத்தில் ஸ்வீடனிலும் நகரம், சந்தைப்பேட்டை, நாட்டுப்புறக் கொம்யூன் என்ற வேறுபாடுகள் இருந்தன. 1971இல் அவை நீக்கப்பட்டு எல்லாம் ஒரே வகைக் கொம்யூன்கள் ஆயின. இன்று நாட்டில் 290 கொம்யூன்கள் உள்ளன. காடும் ஏரியும் மலையும் உட்பட நாட்டின் நிலம் முழுவதும் ஏதேனும் ஒரு கொம்யூனைச் சேர்ந்தது. அதனால்தான் வடக்கே உள்ள கிரூனா என்ற ஒரே கொம்யூன் சுமார் 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புடன் விரிந்து கிடக்கிறது.

கொம்யூன்களுக்கு இணையாக மாவட்ட அளவில் 21 ரீஜியன்கள் உள்ளன. மருத்துவமும் பொதுப் போக்குவரத்தும் அவற்றின் முக்கியப் பொறுப்புகள். ரீஜியன் என்பது கொம்யூனுக்கு மேலதிகாரி அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒன்றின் முடிவை மற்றது மாற்ற முடியாது. இரண்டும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்பட்டுத் தனித்தனியே வரி விதிக்கின்றன.

டொரொத்தேயா எங்கே இருக்கிறது?

லாப்லாந்து என்ற வரலாற்று நிலப்பகுதியின் தெற்கு ஓரத்தில், வெஸ்டர்பொத்தன் மாவட்டத்தில் இருக்கிறது. மன்னர் நான்காம் குஸ்தாவ் அடோல்ஃபின் மனைவியான ஃப்ரெட்ரிகா டொரொத்தேயா வில்ஹெல்மினாவின் பெயர் மூன்றாகப் பிரிக்கப்பட்டு அந்தப் பகுதியின் மூன்று திருச்சபை வட்டாரங்களுக்குச் சூட்டப்பட்டது. ஃப்ரெட்ரிகா இன்று ஓசெலே கொம்யூனுக்குள் அடங்கிவிட்டது. டொரொத்தேயாவும் வில்ஹெல்மினாவும் தனிக் கொம்யூன்களாக நிற்கின்றன. ஐரோப்பிய நெடுஞ்சாலை 45 ஊரின் வழியே செல்கிறது. 1937இல் முழுமை பெற்ற உள்நாட்டு இருப்புப்பாதையும் அவ்வழியேதான் போகிறது. மேற்கே, மலையடிவாரத்தில், போர்யாஃபியெல் என்ற பனிச்சறுக்குக் கிராமம் உள்ளது. மக்கள்தொகையை நிலப்பரப்பால் வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு மனிதர்கூடத் தேறமாட்டார்.

இவ்வளவு சிறிய கொம்யூனை ஏன் பக்கத்துக் கொம்யூனுடன் இணைக்கவில்லை?

இணைத்துப் பார்த்தார்கள்; அது நீடிக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஸ்வீடனின் உள்ளாட்சி, தேவாலயத்தைச் சுற்றி அமைந்த கிராமச் சபையிலிருந்து வளர்ந்தது. 1862ஆம் ஆண்டின் உள்ளாட்சி ஆணைகள் திருச்சபைப் பணியையும் ஊர்ப் பணியையும் பிரித்து, சுமார் 2,500 கொம்யூன்களை உருவாக்கின. ஆனால் அன்றைய வாக்குரிமை செலுத்திய வரியின் அளவைப் பொறுத்தது: அதிக வரி கட்டியவருக்கு அதிக வாக்குகள். 1871இல் 54 நாட்டுப்புறக் கொம்யூன்களில் ஒரே ஒருவரிடம் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் இருந்தன. அங்கெல்லாம் தேர்தல் என்பது அந்த ஒருவர் தம்மோடு தாமே நடத்திய ஆலோசனை என்றுதான் சொல்ல வேண்டும். அதே ஆணைகள், வரி செலுத்திய மணமாகாத பெண்களுக்கும் விதவைகளுக்கும் உள்ளாட்சி வாக்குரிமை அளித்திருந்தன என்பதையும் சேர்த்தே சொல்வது நியாயம். வரிக்கேற்ற வாக்கு என்ற முறையை ஒழிக்கும் முடிவு 1918இல்தான் வந்தது.

பள்ளிகளும் முதியோர் பராமரிப்பும் பெருகியபோது சின்னஞ்சிறு கொம்யூன்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1952இல் நடந்த முதல் பெரிய இணைப்பு அவற்றின் எண்ணிக்கையை ஆயிரத்துச் சொச்சமாகக் குறைத்தது. 1974இல் நிறைவுற்ற இரண்டாவது இணைப்புக்குப் பின் எஞ்சியவை 278. அந்த அலையில் டொரொத்தேயா ஓசெலேயோடு சேர்க்கப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 1980இல், அது மீண்டும் பிரிந்து வந்தது. அதே மாவட்டத்தில் பியூர்ஹோல்ம் வென்னெஸிலிருந்தும், மாலோ நூர்ஷோவிலிருந்தும் 1983இல் பிரிந்தன. பியூர்ஹோல்ம் பல ஆண்டுகளாக மக்கள்தொகையில் நாட்டின் மிகச் சிறிய கொம்யூனாக அறியப்படுவது.

பிரிவதற்குக் காரணம் ஊர்ப்பற்று மட்டும் என்று நினைப்பது மேலோட்டமான பார்வை. இணைந்த கொம்யூனின் அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில்தான் வேலைகளும் இருக்கும். உட்பகுதியில் பெரும்பாலும் கொம்யூனே மிகப் பெரிய வேலை வழங்குநர் என்பதால், அலுவலகத்தை இழக்கும் ஊர் சில ஆண்டுகளில் தன் கடையையும் இழக்கும் என்று மக்கள் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு தவறானது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

யார் ஆள்கிறார்கள்? மேயர் உண்டா?

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் கிடையாது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை செப்டம்பர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று நாடாளுமன்றம், ரீஜியன், கொம்யூன் ஆகிய மூன்றுக்கும் ஒரே நாளில் வாக்களிப்பு நடக்கிறது. கட்சிகளுக்குக் கிடைத்த வாக்கு விகிதத்தின்படி கொம்யூன் மன்றம் அமைகிறது. வாக்காளர்கள் 8,000 பேருக்கு மிகாத கொம்யூன்களில் மன்றத்துக்குக் குறைந்தது 21 உறுப்பினர்கள் இருக்க வேண்டும். ஸ்டாக்ஹோமில் 101 பேர். மன்றம் வரி விகிதத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் முடிவு செய்து, செயற்குழுவையும் பள்ளி, சமூகநலம், கட்டடம், சுற்றுச்சூழல் போன்ற துறைக்குழுக்களையும் தேர்ந்தெடுக்கிறது. செயற்குழுவின் தலைவரையே மக்கள் ஊர்த்தலைவராகக் கருதுகிறார்கள்.

செயற்குழுவில் ஆளும் கட்சிகள் மட்டும் இருப்பதில்லை. எதிர்க்கட்சியினரும் தங்கள் பலத்துக்கேற்ப அதே மேசையில் அமர்கிறார்கள். ஒரு முடிவை ஏற்காதவர் தம் மறுப்பைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்துவிட்டுப் போவார்.

உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் முழுநேர அரசியல்வாதிகள் அல்லர். அவர்களை ஓய்வுநேர அரசியலர் என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். பகலில் மரம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவரோ, பள்ளியில் பாடம் நடத்துபவரோ, முதியோர் இல்லத்தில் செவிலியராக இருப்பவரோ மாலையில் மன்றத்துக்கு வருகிறார். கூட்டத்துக்குப் போக வேலையிலிருந்து விடுப்புப் பெறும் உரிமை அவருக்குச் சட்டப்படி உண்டு. இழந்த ஊதியத்துக்கு ஈடும் கிடைக்கும். நகரங்களில் இந்த முறை ஓர் இலட்சியம் போலத் தோன்றலாம். 2,400 பேர் உள்ள இடத்தில் அதற்கு வேறொரு முகம் இருக்கிறது. மன்றத்தையும், குழுக்களையும், மாற்று உறுப்பினர்களையும், தணிக்கையாளர்களையும் நிரப்ப வேண்டுமானால் வயது வந்தோரில் கணிசமானோர் ஏதோ ஒரு பொறுப்பை ஏற்றாக வேண்டும். உங்கள் வீட்டு விரிவாக்கத்துக்கு அனுமதி மறுத்தவர், மறுநாள் காலை கடையில் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பார். தம் சொந்த நலனோ நெருங்கிய உறவினரின் நலனோ சம்பந்தப்பட்ட விவகாரத்தில் உறுப்பினர் விலகி நிற்க வேண்டும் என்ற விதி எல்லா இடத்திலும் உண்டு. சிறிய கொம்யூனில் அந்த விதி அடிக்கடி வேலை செய்கிறது.

ஸ்வீடன் குடியுரிமை இல்லாதவர் வாக்களிக்க முடியுமா?

நாடாளுமன்றத் தேர்தலில் முடியாது. கொம்யூன், ரீஜியன் தேர்தல்களில் முடியும். இந்த உரிமை 1976 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிறைந்து, கொம்யூனின் மக்கள் பதிவேட்டில் இடம்பெற்ற ஐரோப்பிய ஒன்றிய, நார்வே, ஐஸ்லாந்துக் குடிமக்களுக்குக் காத்திருப்புக் காலம் இல்லை. இந்தியர், இலங்கையர் உள்ளிட்ட மற்றவர்கள் தேர்தலுக்கு முன் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஸ்வீடனில் பதிவு பெற்று வாழ்ந்திருக்க வேண்டும். அதே தகுதியோடு வேட்பாளராக நிற்கவும் முடியும். சில நூறு வாக்குகள் ஆட்சியை மாற்றும் இடத்தில் இது அலங்கார உரிமை அல்ல.

வருமான வரி எவ்வளவு?

பெரும்பாலான மக்கள் செலுத்தும் வருமான வரி, கொம்யூனுக்கும் ரீஜியனுக்கும் போகும் வரிதான். அரசுக்குச் செல்லும் 20 சதவீத வருமான வரி, குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட வருவாய்க்கு மட்டுமே விதிக்கப்படுகிறது. கொம்யூன், ரீஜியன் வரிகளின் கூட்டு விகிதம் நாட்டின் சராசரியில் சுமார் 32 சதவீதம். ஸ்டாக்ஹோம் அருகிலுள்ள ஓஸ்டெரோக்கரில் அது 29 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. டொரொத்தேயாவில் 35 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று.

சம்பளம் குறைந்த இடத்தில் வரி அதிகமாகவும், சம்பளம் உயர்ந்த இடத்தில் வரி குறைவாகவும் இருப்பது முதற்பார்வைக்கு முறைகேடாகவே தெரியும். காரணம் எளிது: பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி வைத்தாலும் ஆசிரியருக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும், கூடத்தைச் சூடாக்க வேண்டும், பேருந்தை அனுப்ப வேண்டும். வடக்கின் உட்பகுதிக் கொம்யூன்களில் வாழ்பவர்களுக்கு 2020 முதல் ஒரு சிறிய வரிச் சலுகை வழங்கப்பட்டது. தொடக்கத்தில் அது ஆண்டுக்கு 1,675 குரோனர். ஒருவர் பனிக்காலத்தில் காருக்குப் போடும் பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால், அதை நல்லெண்ணத்தின் அடையாளம் என்று மட்டுமே கொள்ளலாம்.

அந்த வரியை வைத்து மட்டும் கொம்யூன் இயங்க முடியுமா?

முடியாது. இதைத் தாங்கிப் பிடிப்பது கொம்யூன்களிடையே வருவாயையும் செலவையும் சமன் செய்யும் முறை. அதன் இன்றைய வடிவம் 2005இல் வந்தது. ஒரு கொம்யூனில் ஆளொன்றுக்கான வரிக்குரிய வருமானம் நாட்டுச் சராசரியின் 115 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அந்த இடைவெளியின் பெரும்பகுதியை ஈடுசெய்யும் மானியம் கிடைக்கிறது. அதற்கு மேலே இருக்கும் டாண்டெரிட் போன்ற ஒரு சில செல்வச் செழிப்பான கொம்யூன்கள் கட்டணம் செலுத்துகின்றன. வருமானத்தைச் சமன் செய்வதற்கான பணத்தில் பெரும்பகுதியை அரசே தருகிறது. இன்னொரு கணக்கு செலவுகளைச் சமன் செய்கிறது: முதியோர் விகிதம், குழந்தைகளின் எண்ணிக்கை, குடியிருப்புகளுக்கு இடையிலுள்ள தொலைவு என்று கொம்யூனின் கையில் இல்லாத காரணங்களுக்கு மட்டும் ஈடு கிடைக்கும். தவறான நிர்வாகத்தால் வந்த செலவுக்குக் கிடைக்காது.

தெற்கிலிருந்து பார்ப்பவர்கள் இதை வடக்குக்குத் தரும் உதவித்தொகை என்று பேசுவதுண்டு. வடக்கில் இருப்பவர்களின் மறுமொழி ஆறுகளைப் பற்றியது. நாட்டின் நீர்மின்சாரத்தில் பெரும்பங்கு வடக்கின் ஆறுகளிலிருந்து வருகிறது. அந்த மின்நிலையங்கள் மீதான சொத்து வரி அரசுக்குத்தான் போகிறது, அணை கட்டப்பட்ட கொம்யூனுக்குப் போவதில்லை. அந்த வரியில் ஒரு பங்காவது வேண்டும் என்பது உட்பகுதிக் கொம்யூன்களின் நெடுநாள் கோரிக்கை. இரு தரப்பையும் கேட்டபின் எனக்குத் தோன்றுவது: மானியம் என்ற சொல்லைப் பயன்படுத்துபவர், மரமும் மின்சாரமும் எந்தத் திசையில் பயணம் செய்கின்றன என்பதையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

வரவுக்கு மேல் செலவு செய்ய முடியாதா என்று கேட்டால், 2000 முதல் சட்டம் இடம் தருவதில்லை. ஒரு கணக்காண்டில் பற்றாக்குறை வந்தால் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் அதை ஈடுகட்டியாக வேண்டும்.

கொம்யூன் என்னென்ன செய்கிறது?

மழலையர் பள்ளி, பள்ளி, முதியோர் பராமரிப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை, சமூகநலம், கட்டட அனுமதி, நிலப்பயன்பாட்டுத் திட்டம், குப்பை, குடிநீர், தீயணைப்பு, நூலகம் ஆகியவை கட்டாயக் கடமைகள். பனிக்கட்டி மைதானம், இளைஞர் மன்றம், தொழில் ஊக்குவிப்பு போன்றவை விருப்பத்தைப் பொறுத்தவை. பணம் குறையும்போது முதலில் வெட்டுப்படுபவையும் அவையே. புகைபோக்கியைத் துப்புரவு செய்யும் பணி முறையாக நடப்பதும் கொம்யூனின் பொறுப்பு என்பது புதிதாக வருபவர்களை வியக்க வைக்கிறது. விறகு எரித்துச் சூடேற்றும் மரவீடுகள் நிறைந்த நாட்டில் அது தீத்தடுப்பின் பகுதி. கல்லறைத் தோட்டங்களைப் பொறுத்தவரை பழைய வழக்கமே தொடர்கிறது. திருச்சபை 2000இல் அரசிலிருந்து பிரிந்துவிட்டபோதிலும், ஸ்டாக்ஹோம், த்ரானோஸ் ஆகிய இரண்டைத் தவிர மற்ற இடங்களில் எல்லா மதத்தவருக்குமான அடக்கப் பணியை அதுவே நடத்துகிறது.

குழந்தைகளின் படிப்பு எப்படி?

ஒரு வயதிலிருந்து மழலையர் பள்ளியில் இடம் கேட்கலாம். விண்ணப்பித்த நான்கு மாதங்களுக்குள் கொம்யூன் இடம் தர வேண்டும். மூன்று வயதாகும் ஆண்டின் இலையுதிர்காலத்திலிருந்து ஆண்டுக்கு 525 மணி நேரம் கட்டணமில்லை. அதற்கு மேற்பட்ட நேரத்துக்கும் கட்டண உச்சவரம்பு உண்டு. பள்ளியில் மதிய உணவு எல்லாருக்கும் இலவசம். தொலைவில் வாழும் குழந்தைகளுக்குப் பள்ளிப் போக்குவரத்தும் இலவசம். காட்டுக்குள் இருக்கும் ஒற்றை வீட்டுக்கு ஒரு குழந்தையை அழைத்துவர வாடகைக் கார் வருவது அங்கே சாதாரணக் காட்சி.

சிக்கல் பதினாறு வயதில் தொடங்குகிறது. சிறிய கொம்யூன்கள் பலவற்றால் எல்லாப் பாடப்பிரிவுகளோடும் கூடிய மேல்நிலைப் பள்ளியை நடத்த முடிவதில்லை. பிள்ளைகள் வார நாள்களில் வேறு ஊரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறார்கள். அதற்கு உதவித்தொகை கிடைக்கும். அப்படிப் போன பிள்ளை பிறகு கடற்கரை நகரமான உமெயோவுக்கோ ஸ்டாக்ஹோமுக்கோ படிக்கப் போவதும், அங்கேயே வேலை தேடிக்கொள்வதும் இயல்பாக நடந்துவிடுகிறது.

பதினைந்து வயதுக்காரர்கள் கார் ஓட்டுவதைப் பார்த்தோமே, அது எப்படி?

நீங்கள் பார்த்தது பின்புறம் சிவப்பு முக்கோணம் பொருத்திய ஏ-டிராக்டர். பழைய காரை மாற்றியமைத்து, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தியிருப்பார்கள். மொபெட் உரிமம் இருந்தால் போதும். பேருந்து வராத கிராமத்தில் இளையோருக்குக் கிடைத்த விடுதலை அது. அதன் பின்னால் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டவர்களின் கருத்து வேறாக இருக்கும்.

உடல்நலம் கெட்டால் எங்கே போவது?

ஊரில் ஒரு நலவாழ்வு மையம் உண்டு. முதலில் 1177 என்ற எண்ணில் செவிலியரிடம் பேசலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 112. மருத்துவமனை வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் லிக்செலேவுக்கும், பெரிய சிகிச்சைகளுக்குக் கடற்கரையில் உள்ள உமெயோவின் பல்கலைக்கழக மருத்துவமனைக்கும் போக வேண்டும்.

இந்தத் தொலைவுதான் ஊரின் அரசியலைத் தீர்மானிக்கிறது. டொரொத்தேயாவின் நலவாழ்வு மையத்தில் இருந்த நோயாளர் படுக்கைகளை மூடும் முடிவை மாவட்ட மருத்துவ நிர்வாகம் எடுத்தபோது, 2012இன் தொடக்கத்தில் ஊர் மக்கள் அந்தக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஓய்வு பெற்றவர்களும் பகலில் வேலைக்குப் போகிறவர்களும் முறை வைத்து இரவும் பகலும் காத்தார்கள். அந்த முற்றுகை மூன்று ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. அதற்கிடையில், கையெழுத்துகள் திரட்டப்பட்டதன் விளைவாக 2013இல் மாவட்டம் முழுவதும் ஓர் ஆலோசனை வாக்கெடுப்பும் நடந்தது. தெற்கே பக்கத்து மாவட்டத்தில் உள்ள சொலெஃப்தியோவில் மகப்பேறு பிரிவு 2017இல் மூடப்பட்டபோது, காரிலேயே பிரசவம் நேர்ந்தால் என்ன செய்வது என்று இரண்டு மருத்துவச்சிகள் பெற்றோருக்கு வகுப்பு நடத்தினார்கள். அந்தச் செய்தி உலகெங்கும் போனது.

இந்த நிகழ்வுகளைக் கொம்யூனின் தோல்வி என்று பலர் தவறாகப் படிக்கிறார்கள். மருத்துவம் ரீஜியனின் அதிகாரம்; அதன் மன்றத்தில் கடற்கரை நகரங்களின் வாக்காளர்களுக்கே பெரும்பான்மை. உட்பகுதிக் கொம்யூன் எதிர்ப்புத் தீர்மானம் போடலாம், கடிதம் எழுதலாம். அதற்கு மேல் அதன் கை நீளாது.

முதியவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

1992இன் சீர்திருத்தத்துக்குப் பின் முதியோரின் நெடுங்காலப் பராமரிப்பு கொம்யூனிடம் வந்தது. தனியே வாழும் முதியவருக்கு வீட்டுக்கே உதவியாளர் வருவார்: குளிக்க உதவுவார், மருந்து நினைவூட்டுவார், கழுத்தில் தொங்கும் அவசர மணி ஒலித்தால் ஓடி வருவார். என்ன உதவி, எவ்வளவு நேரம் என்பதைக் கொம்யூனின் அலுவலர் நேரில் பார்த்து முடிவு செய்கிறார். கட்டணத்துக்கு நாடு முழுவதும் உச்சவரம்பு உண்டு. நடைமுறையில் உதவியாளரின் வேலை நேரத்தில் பெரும்பகுதி வண்டியோட்டுவதிலேயே கழிகிறது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர் பனிச்சாலை இருக்கலாம். ஆள் கிடைப்பதும் அரிது. அண்மைக் காலத்தில் இந்தப் பணியில் சேர்ந்தவர்களில் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர்; அவர்கள் இல்லாமல் வடக்கின் முதியோர் இல்லங்கள் இயங்குவதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

கொம்யூனின் முடிவு தவறென்று பட்டால் என்ன செய்யலாம்?

முதலில் ஆவணங்களைக் கேளுங்கள். 1766இன் அச்சுச் சுதந்திரச் சட்டத்திலிருந்து ஸ்வீடனில் அரசு ஆவணங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கொம்யூனுக்கு நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலும் இதே விதியின்படி பிறர் கேட்டுப் படிக்கக்கூடிய ஆவணமாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். சமூகநலத் துறையில் தனிமனிதரைப் பற்றிய குறிப்புகள் போன்றவை இரகசியமாகப் பாதுகாக்கப்படுகின்றன.

மேல்முறையீட்டுக்கு இரண்டு வழிகள் உள்ளன. முடிவு உங்களைத் தனிப்பட்ட முறையில் பாதிக்குமானால், உதாரணமாக வீட்டு உதவி மறுக்கப்பட்டால், மூன்று வாரங்களுக்குள் முறையிடலாம். நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவையே மாற்றி எழுத முடியும். இரண்டாவது வழி இன்னும் சுவையானது. கொம்யூனில் பதிவு பெற்றவரோ, அங்கே நிலம் வைத்திருப்பவரோ, வரி செலுத்துபவரோ யாராயினும், தமக்கு எந்தப் பாதிப்பும் இல்லாவிட்டாலும், மன்றத்தின் ஒரு முடிவு சட்டப்படியானதா என்று சோதிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். கூட்டக் குறிப்பு உறுதி செய்யப்பட்டது என்ற அறிவிப்பு கொம்யூனின் இணையப் பலகையில் வெளிவந்த நாளிலிருந்து மூன்று வாரக் கெடு. நீதிமன்றம் முடிவை நீக்கலாம். அதற்குப் பதிலாக வேறொன்றை எழுத முடியாது. அது நல்ல முடிவா என்ற கேள்விக்குள்ளும் நுழையாது.

இவை தவிர, வாக்காளர்களில் பத்து சதவீதத்தினர் கையெழுத்திட்டால் ஆலோசனை வாக்கெடுப்புக் கோரலாம். மன்றத்தில் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்தாலன்றி அதை மறுக்க முடியாது. டொரொத்தேயா அளவிலான கொம்யூனில் பத்து சதவீதம் என்பது இருநூறு பேர் அளவுதான்.

சாலையில் பனியை அகற்றுவது யார்?

அது யாருடைய சாலை என்பதைப் பொறுத்தது. நெடுஞ்சாலைகள் அரசுடையவை, ஊருக்குள் தெருக்கள் பெரும்பாலும் கொம்யூனுடையவை, கிராமத்துக்குப் போகும் கிளைச்சாலை பல இடங்களில் அதை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களின் கூட்டுச் சொத்து. அவர்கள் ஒரு சங்கம் அமைத்து, தலைவரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுப் பங்குத்தொகை வசூலித்து, டிராக்டர் வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் பனி அள்ளும் வேலையை ஒப்படைக்கிறார்கள். அரசு மானியமும் ஓரளவு கிடைக்கும். கிராமத்தில் வீடு வாங்குபவர் இந்தச் சங்கத்தின் கணக்கு வழக்கை முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. குடிநீர்க் கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் அப்படியே: குழாய் வராத இடத்தில் அவை உங்கள் சொந்தப் பொறுப்பு. தொட்டி அமைக்கக் கொம்யூனின் சுற்றுச்சூழல் குழு அனுமதி தர வேண்டும். பழையது தரமில்லை என்றால் அதே குழு அதற்குத் தடை விதிக்கவும் செய்யும்.

தீ விபத்து நேர்ந்தால்?

உட்பகுதியில் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் பகுதிநேரத்தவர். வேறு வேலையில் இருக்கும்போதே கருவி ஒலித்தால், சில நிமிடங்களுக்குள் நிலையத்துக்கு வர அவர்கள் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். தச்சர் உளியைப் போட்டுவிட்டு ஓடுவார். 2018 கோடையில் நாடெங்கும் சுமார் 25,000 ஹெக்டேர் காடு எரிந்தபோது, வெளிநாடுகளிலிருந்து விமானங்களும் ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆனால் முதல் மணி நேரங்களில் நின்றவர்கள் இந்தப் பகுதிநேர வீரர்களும், தண்ணீர்த் தொட்டியை டிராக்டரில் இழுத்துவந்த விவசாயிகளும்தான்.

கடை, தபால், வங்கி எல்லாம் இருக்கின்றனவா?

ஒரு கடை இருந்தால், எல்லாம் அந்தக் கடைக்குள் இருக்கும். பொட்டலங்களை அங்கேதான் வாங்க வேண்டும். மருந்தையும், அரசின் மது விற்பனை நிறுவனமான சிஸ்டெம்பொலாகெட்டில் முன்பதிவு செய்த பானத்தையும் பல கிராமங்களில் அங்கேதான் பெறுகிறார்கள். கடிதம் ஒன்றுவிட்ட ஒரு நாள் வருகிறது. ரொக்கப் பணம் அரிதாகிவிட்டது; கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் ஸ்விஷ் இல்லாமல் தேவாலய வாசலில் காப்பிகூட வாங்க முடியாது. கடை மூடப்பட்டால் கிராமத்தின் முடிவு நெருங்குகிறது என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால், சில இடங்களில் ஊராரே பங்கு போட்டுக் கடையை விலைக்கு வாங்கி நடத்துகிறார்கள்.

சாமி மக்களுக்கும் கொம்யூனுக்கும் என்ன தொடர்பு?

சாமி மக்கள் வடக்கின் பழங்குடியினர். இந்த நிலம் அவர்கள் நெடுங்காலமாகப் பனிமான் மேய்த்துவரும் நிலம். ஸ்வீடனில் பனிமான் மேய்க்கும் உரிமை சாமி கிராமம் எனப்படும் கூட்டமைப்புகளின் உறுப்பினர்களுக்கு மட்டுமே உண்டு. அந்தக் கிராமத்தின் எல்லைகள் கொம்யூன் எல்லைகளோடு பொருந்துவதில்லை. சாமி மொழிக்கான நிர்வாகப் பகுதியில் டொரொத்தேயாவும் சேர்ந்திருக்கிறது. எனவே அங்கே ஒருவர் கொம்யூனுடன் சாமி மொழியில் பேசவும், மழலையர் பள்ளியிலும் முதியோர் பராமரிப்பிலும் அம்மொழியைக் கோரவும் சட்டம் வழி செய்கிறது. இப்பகுதிக்குரிய தென்சாமி மொழியைப் பேசுபவர்கள் சில நூறு பேரே. உரிமை தாளில் இருந்தாலும் ஆசிரியரைத் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடு. காற்றாலை, சுரங்கம், காடு வெட்டல் என ஒவ்வொன்றிலும் மேய்ச்சல் பாதை குறித்த தகராறு வருகிறது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கெல்லிவாரே பகுதியைச் சேர்ந்த கிர்யாஸ் சாமி கிராமத்துக்கே அதன் நிலத்தில் வேட்டை, மீன்பிடி உரிமங்களை வழங்கும் அதிகாரம் உண்டென்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு உள்ளூர் உறவுகளை எளிதாக்கியது என்று சொல்வதற்கில்லை.

பிறர் காட்டுக்குள் நடக்கலாமா?

நடக்கலாம், பழம் பறிக்கலாம், காளான் எடுக்கலாம், ஓர் இரவு கூடாரம் போடலாம். யாவருக்கும் உரிய இந்த உரிமை அரசியல் சாசனத்திலும் இடம் பெற்றிருக்கிறது. வீட்டு முற்றத்துக்குள் நுழையக் கூடாது, பயிரை மிதிக்கக் கூடாது, பனியற்ற நிலத்தில் மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது. ஏரிகளில் மீன்பிடிக்கப் பெரும்பாலும் அனுமதிச் சீட்டு தேவை.

குளிரையும் தனிமையையும் தாங்க முடியுமா?

டிசம்பரில் பகல் நான்கு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். ஜூனில் இரவு முழுதாக இருட்டாது. குளிருக்கு உடை உண்டு, தனிமைக்குச் சங்கம் உண்டு. பழம்பொருள் இல்லச் சங்கம், பனிவண்டிச் சங்கம், தேவாலயப் பாடகர் குழு, கால்பந்துக் குழு என்று ஏதாவது ஒன்றில் சேராதவரை ஊர் உங்களைக் கவனிக்காதது போலவே நடந்துகொள்ளும். அது பகையன்று, கேட்காமல் தலையிடுவது அநாகரிகம் என்ற எண்ணம். உங்கள் கார் பள்ளத்தில் இறங்கிவிட்டால் முதலில் வருபவரே கயிறு கட்டி இழுத்துவிட்டு, பெயரைக்கூடச் சொல்லாமல் போவார். செப்டம்பரின் முதல் திங்களன்று கடமான் வேட்டை தொடங்கும்போது மட்டும் அந்த வாரத்தில் எந்த அலுவலக வேலையையும் எதிர்பார்க்க வேண்டாம்.

குடிபெயர விரும்பினால் எதிலிருந்து தொடங்குவது?

தங்கும் அனுமதி இருந்து, ஓராண்டாவது வாழ எண்ணினால் வரித்துறையில் பதிவு செய்து ஆளடையாள எண் பெற வேண்டும். அது கிடைத்தபின்தான் வங்கிக் கணக்கும் மின்னடையாளமும் தடையின்றிக் கிடைக்கும். புதியவர்களுக்கான ஸ்வீடிஷ் மொழி வகுப்பைக் கொம்யூன் இலவசமாக நடத்துகிறது. வீட்டின் விலை ஸ்டாக்ஹோமில் ஒரு வாகன நிறுத்துமிடத்துக்குக் கேட்கும் விலைக்கு இறங்கியிருப்பதைக் காணலாம். ஆனால் அடமானத்தின் மதிப்பு குறைவென்று வங்கிகள் கடன் தரத் தயங்குகின்றன. புதிதாக வீடு கட்டினால் கட்டுமானச் செலவு அதன் சந்தை விலையைத் தாண்டிவிடும். ஆகவே ஆள் தேவை, வேலை இருக்கிறது, குடியிருக்க நல்ல வீடு இல்லை என்ற விசித்திர நிலை பல ஊர்களில் உண்டு.

இந்தக் கொம்யூன்கள் நீடிக்குமா?

அரசு நியமித்த ஆய்வுக் குழு ஒன்று, சிறிய கொம்யூன்கள் தாமாக விரும்பி இணைவதற்கு ஊக்கத்தொகை தரலாம் என்று 2020இல் பரிந்துரைத்தது. கட்டாய இணைப்பைப் பேச எந்தக் கட்சியும் விரும்புவதில்லை. 1974இன் நினைவு இன்னும் ஆறவில்லை. இடைக்கால வழியாகக் கொம்யூன்கள் பணிகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன: ஒரே கட்டட ஆய்வாளர் மூன்று கொம்யூன்களுக்கு, ஒரே கணக்கு அலுவலகம் இரண்டுக்கு. இது சிக்கனம்தான். ஆனால் எல்லைகளை நீட்டிக்கொண்டே போகும் இணைப்பால் உட்பகுதியில் பயனில்லை என்பது என் கருத்து. ஆளில்லாத இரண்டு கொம்யூன்களைச் சேர்த்தால் ஆளில்லாத பெரிய கொம்யூன் ஒன்று கிடைக்கும், தொலைவு அப்படியே இருக்கும்.

மன்றக் கூட்டத்தை வெளியாள் பார்க்க முடியுமா?

முடியும். மன்றத்தின் கூட்டங்கள் சட்டப்படி பொதுவானவை; முன்பதிவோ அடையாள அட்டையோ கேட்கமாட்டார்கள். நிகழ்ச்சி நிரல் இணையப் பலகையில் முன்னதாகவே வரும். ஸ்வீடிஷ் புரியாவிட்டாலும் வரவு செலவுத் திட்டம் பேசப்படும் இலையுதிர்காலக் கூட்டத்தில் பின்வரிசையில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பள்ளியின் பெயர் உச்சரிக்கப்பட்டதும் கூடம் எப்படி அமைதியாகிறது என்பது மொழி தெரியாமலே புரியும். அடுத்த தேர்தல் 2026 செப்டம்பர் 13 அன்று.